பல்லால் உரித்த கேபிள்

என் கையெழுத்தைப் பார்த்துப் பாதியில் வைத்துவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் எங்காவது கையெழுத்துப் போடச் சொன்னால் போடுவதற்குத்தான். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்பது இன்றைக்கும் எனக்குத் தகராறு. பிழை இருந்தால் மன்னித்து, நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். நான் நாலு பேர் முன்னால் நின்று பேசுகிற ஆள் இல்லை, அது ஒரு காரணம். இன்னொரு காரணம், இதை வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே எச்சில் ஊறிக் குமட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. என் மனைவியிடமே முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பேய், ஆவி இதிலெல்லாம் எனக்கு என்றைக்குமே நம்பிக்கை இருந்ததில்லை. என் தொழில் வீடுகளிலும் ஆபீசுகளிலும் இன்டர்நெட் கேபிள் இழுப்பது. பல வருடமாகச் சுவருக்குள்ளும் பரண் மேலும் தலையை விட்டுப் பார்த்தவன். அங்கே இருப்பதெல்லாம் கரப்பான், எலிப்புழுக்கை, காய்ந்துபோன பல்லி, இவ்வளவுதான். பேய் என்று ஒன்று இருந்தால் முதலில் எனக்குத்தான் தட்டுப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்லிச் சிரிப்பேன். அருவருப்பும் எனக்குக் கிடையாது. அழுகிய எலியைக் கையால் எடுத்து வெளியே போட்டுவிட்டு, அதே கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வடை தின்றிருக்கிறேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சும்மா முகம் சுளிக்கிற ஆள் எழுதுகிறான் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

உக்கடத்தில் நான் சாமான் வாங்குகிற கடையில் செல்வராஜ் அண்ணன்தான் அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தார்.

"பீளமேட்டுல ஒரு பெரியவரு ஊடு, மணி. நெட்டு ஆமையாட்டப் போகுதாம். மூணு பேரு போய்ப் பாத்துப்போட்டு வந்துட்டானுக. ஒருத்தனும் மறுக்காப் போகமாட்டேங்கறான்."

"ஏனுங்கண்ணா, நாய் கீய் இருக்குதுங்களா?"

"நாயெல்லாம் இல்லப்பா. நாத்தம் அடிக்குதுங்கறானுக. எனக்கு அங்க போனப்ப ஒண்ணும் அடிக்கல. உனக்குத்தான் மூக்கே கிடையாதே, போய்ட்டு வா."

பழைய மில்லுக்குப் பின்னால் இருக்கிற தெரு. பெரியவர் பெயர் ரங்கசாமி. ஒரு காலத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர், எழுபதைத் தாண்டியவர். கூடவே அவர் மகள் சுமதி. சூலூரில் கட்டிக் கொடுத்த பெண், அம்மா இறந்ததிலிருந்து அப்பாவைப் பார்த்துக்கொள்ள அடிக்கடி வந்து தங்குகிறது. நான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வழக்கம்போல என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றேன்.

"வாங்கண்ணா, வாங்க. எங்கப்பா காலைல இருந்து வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்கறாரு. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்தாக்கூட இப்படி உக்காரமாட்டாரு" என்றது சுமதி.

படமெல்லாம் சர்வரில் இருக்கிறது என்றார்கள். சர்வர் என்றால் பெரிய கம்பெனியில் அலமாரி அலமாரியாக இருப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த வீட்டில் இருந்தது ஒரு ரொட்டி டப்பா அளவுக்குக் கறுப்புப் பெட்டி. ஆஸ்திரேலியாவில் இருக்கிற மகன் லீவில் வந்தபோது வாங்கி, பின்பக்கத்து அறையின் பரணில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுப் போட்டோ, கல்யாண வீடியோ எல்லாம் அதற்குள். பெரியவரின் மனைவி சரோஜா அம்மா அதே அறையில் படுக்கையில் விழுந்த பிறகு, மகன் அங்கிருந்தே பார்ப்பதற்காக அந்த அறையில் ஒரு கேமராவும் மாட்டினார்களாம். அதில் பதிவாவதும் அந்தப் பெட்டிக்குள்ளேதான் போய்ச் சேரும். பரணிலிருந்து ஒரு கேபிள் சுவருக்குள் புதைத்த குழாய் வழியாக இறங்கி, கட்டில் தலைமாட்டில் ஒரு ஜங்ஷன் பாக்ஸைத் தொட்டு, அங்கிருந்து ஹாலில் இருக்கும் ரவுட்டருக்கு வருகிறது. பெரியவரின் கம்ப்யூட்டர் ஹாலில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து மகன் பார்த்தாலும் அந்த ஒரே கேபிள் வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

"அந்தப் பொட்டிக்கு ஆயுசு முடியப்போகுதுன்னு பையன் சொல்லிப்போட்டானுங்க தம்பி" என்றார் பெரியவர். "உள்ள சுத்தற தட்டு தேஞ்சுபோச்சாமா. யாரும் தொடவேண்டாம், ஒருக்கா நின்னா மறுக்கா ஓடாதுங்கறான். மத்தது போனாப் போகுதுங்க. ஒரே ஒரு படம் மட்டும் நான் பாக்கோணும். என்ர ஊட்டுக்காரி போன அன்னைக்கு அந்தக் கேமராவுல விழுந்த படம். போட்டா, சுத்திக்கிட்டே நிக்குது. ஒரு அடி நகரமாட்டேங்குது."

"அத எதுக்குங்கப்பா பாக்கோணும்? பாத்துப் பாத்து அழுகறதுக்கா?" என்றது சுமதி.

பெரியவர் என்னைத்தான் பார்த்தார். பெட்டி சாவதற்குள் அந்தப் படத்தைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய கவலை. எதற்காக என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நான் வேலையை ஆரம்பித்தேன். ரவுட்டரில் கேபிள் சொருகிய இடத்தில் ஒரு குட்டி விளக்கு உண்டு. பச்சை எரிந்தால் முழு வேகம், ஆரஞ்சு எரிந்தால் ஏதோ கோளாறு, வேகம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். நான் போனபோது பச்சைதான் எரிந்தது. டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், எட்டுக் கம்பியும் சரி. இரண்டு முனையிலும் கிளிப்பை வெட்டிப் புதிது போட்டேன். ரவுட்டரில் வேறு குழியில் மாற்றினேன். சுமதியின் லேப்டாப்பைப் பரணுக்கே கொண்டுபோய்ப் பெட்டியில் நேராகச் சொருகலாம் என்று பார்த்தால், அது இந்தக் காலத்து மெல்லிசு லேப்டாப், கேபிள் சொருகுகிற குழியே கிடையாது. சரி, இப்போது பச்சைதானே எரிகிறது, படத்தைப் போட்டுப் பாருங்கள் என்றேன். பெரியவர் போட்டார். கொஞ்ச தூரம் ஓடியது.

அப்போது சுமதி டீ கொண்டுவந்தது. நான் டம்ளரை வாங்கினேன். பெரியவர் திடீரென்று எழுந்து சமையற்கட்டுப் பக்கம் நாலு அடி நடந்தார், நடுவில் நின்றார், எதற்கு வந்தோம் என்று தெரியாதவர் மாதிரி கையைப் பார்த்துக்கொண்டார், திரும்பி வந்து உட்கார்ந்தார். அதே நேரம் ரவுட்டரில் பச்சை அணைந்து ஆரஞ்சு எரிந்தது. கம்ப்யூட்டரில் படம் நின்று சுற்ற ஆரம்பித்தது.

"இப்பத்தான் எங்கம்மாளுக்குக் கஞ்சி ஊத்தற நேரமுங்கண்ணா" என்று சுமதி மெதுவாகச் சொன்னது. "ரெண்டு மணிக்கொருக்கா ஊத்தோணும். மூக்குல குழாய் சொருகி வெச்சிருந்தாங்க. வாயில ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடுக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. கஞ்சியும் பாலும் குழாய்லதான். இவரே ஊத்துவாரு, யாரையும் தொட உடமாட்டாரு. பழக்கம் போகலீங்க, இன்னும் எந்திரிச்சுப் போறாரு."

கேட்க எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் உண்மையைச் சொல்கிறேன், டீயை வைத்துவிட்டேன். பாலும் கஞ்சியும் மூக்கு வழியாக இறங்குவதை நினைத்ததும் டீயின் மேல் படிந்திருந்த ஆடை என்னைப் பார்த்து அசைந்த மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் விளக்கு தானாகப் பச்சைக்கு வந்தது, ஆனால் படம் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த இரண்டு மணி நேரத்தில் மறுபடி ஆரஞ்சு. பெரியவர் மறுபடி எழுந்தார், நின்றார், உட்கார்ந்தார். ஏதாவது மோட்டார் ஓடும் நேரமாக இருக்கும், அந்த ஒயர் பக்கத்தில் போகும் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். நம்பினால் நம்புங்கள், அந்த நேரத்தில் அந்த வீட்டில் ஃபேன் தவிர வேறொன்றும் ஓடவில்லை.

சுவருக்குள் இருக்கும் கேபிளையே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழைய கேபிளின் வாலில் புதியதைக் கட்டிவிட்டு, இந்தப் பக்கம் ஒருவர் பழையதை இழுக்க, அந்தப் பக்கம் ஒருவர் புதியதை உள்ளே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வர சோப்புத் தண்ணீர் தடவுவோம். நான் ஹாலில் இழுப்பது, பெரியவர் அறையில் ஜங்ஷன் பாக்ஸிலிருந்து விடுவது என்று பேசிக்கொண்டோம்.

அறையில் மெத்தையை எடுத்துவிட்டு வெறும் கட்டில் மட்டும் கிடந்தது. தலைமாட்டுச் சுவரில், தலையணை உயரத்துக்கு, ஜங்ஷன் பாக்ஸ் வாயைத் திறந்துகொண்டு இருந்தது. கேமரா மாட்டியவர்கள் மூடியைப் போட மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து, நான் சொல்லிக் கொடுக்காமலே புதுக் கேபிளை இடது கையில் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, வலது கை விரல்களால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறக்கினார். யாரும் அப்படிப் பிடிக்க மாட்டார்கள். அவர் கஞ்சிக் குழாயைப் பிடித்தே பழகியவர். எனக்கு ஒரு மாதிரி இருந்தது, ஹாலுக்கு வந்துவிட்டேன்.

இழுத்தேன். நன்றாக வந்தது. பிறகு நின்றது. நான் விட்டுப் பிடிக்கலாம் என்று கையைத் தளர்த்தினேன், கேபிள் என் கையிலிருந்து ஒரு சாண் உள்ளே போனது.

"ஐயா, நீங்க இழுக்காதீங்க, உடுங்க!" என்று கத்தினேன்.

மறுபடி பிடித்து இழுத்தேன். அது மறுபடி உள்ளே போனது. கை பிடித்து இழுக்கிற இழுப்பாக அது இல்லை. எப்படிச் சொல்வது, தொண்டைக்குள் விரலை விட்டால் தொண்டை ஒரு வெட்டு வெட்டுமே, அந்த வெட்டு. இரண்டு வெட்டு, மூன்று வெட்டு. சுவருக்குள்ளிருந்து சத்தமும் வந்தது. குழந்தைக்கு மருந்து ஊற்றும்போது வருகிற ஓங்கரிப்புச் சத்தம்.

"ஐயா!"

"ஏனுங்க தம்பி?" என்று அவர் குரல் கேட்டது, என் பின்னாலிருந்து. அவர் சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். "நான் அப்பவே எந்திரிச்சு வந்துட்டனுங்களே. தண்ணி குடிக்கலாம்னு."

அறையில் யாரும் இல்லை. சுமதி கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது. நல்ல பட்டப்பகல்.

நான் பயந்தேனா என்று கேட்டால், இல்லை, அப்போது எனக்கு வந்தது கோபம். குழாய்க்குள் ஏதோ மடிப்பு இருக்கிறது, கேபிள் சுருளாகி உதைக்கிறது என்று நினைத்து, காலைச் சுவரில் ஊன்றி ஒரே இழுப்பாக இழுத்தேன். குழாய் வாய்க்குப் பக்கத்தில் அறுந்து, பழைய கேபிளின் ஒரு துண்டு என் கையோடு வந்துவிட்டது. மீதிப் பழைய கேபிளின் நுனி குழாய் வாயில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து, உறையை உரித்து, உள்ளே இருக்கும் கம்பியில், கேபிள் இழுக்கிற நீள ஸ்பிரிங்கைக் கட்டி மறுபடி இழுக்க வேண்டும். கேபிள் வழவழவென்று இருந்தது. சோப்பு என்று நினைத்தேன். கட்டர் இரண்டு தடவை வழுக்கியது.

இனி நான் செய்ததை எங்கள் தொழிலில் இருக்கிற யாரும் செய்வார்கள். கட்டர் வழுக்கினால் கேபிளைக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடித்து, ஒரு திருகு திருகி உறையை உரித்துவிடுவோம். எத்தனை தடவை செய்திருப்பேன் என்று கணக்கே இல்லை. நான் குனிந்து அந்த நுனியை வாயில் வைத்துக் கடித்தேன்.

உறை பிளந்ததும் உள்ளிருந்து ஏதோ பிதுங்கி என் நாக்கில் விழுந்தது. முதலில் புளிப்பு. கெட்டுப்போன பால் திரிந்து, அதில் கஞ்சி கலந்து, அதற்கு மேல் ஆஸ்பத்திரி மருந்து வாசனை. என் எச்சில் இல்லாத இன்னொரு எச்சில். இன்னொருவர் எச்சில் என்பது நாக்குக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், தெரிந்தது. அதற்குள்ளே மெத்தென்று ஏதோ உருண்டது.

வாஷ் பேசினுக்கு ஓடித் துப்பினேன். நாலைந்து சோற்றுப் பருக்கை. மஞ்சள் நிறம். ஒரு துண்டு வெந்த சின்ன வெங்காயம். நான் வாயைக் கொப்பளித்தேன், மறுபடி கொப்பளித்தேன், விரலை விட்டு நாக்கைச் சுரண்டினேன், குடல் வெளியே வருகிற மாதிரி ஓங்கரித்தேன். சுவருக்குள் கேட்ட அதே சத்தம் இப்போது என் தொண்டையிலிருந்து வந்தது. எனக்கே என் வாயைத் தொட அருவருப்பாக இருந்தது.

பெரியவர் வந்து என் பக்கத்தில் நின்று வாஷ் பேசினைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"தம்பி, காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"பன்னும் டீயுமுங்க."

"அரிசிம்பருப்புச் சோறு சாப்பிடலீங்களா?"

"இல்லீங்க ஐயா."

அவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சுமதி ஈரத் துணியோடு ஓடிவந்தது. அப்போதுதான் அவர் சொன்னார், மகளிடம்கூட அதுவரை சொல்லாததை.

"உங்கம்மா கையக் கையக் காட்டிக் கேட்டுட்டே இருந்தா, அம்மிணி. ஒரு வாய் அரிசிம்பருப்பு. ஒரே ஒரு வாய். டாக்டரு வேண்டாம்னாரு, நானும் வேண்டாம் வேண்டாம்னு சொல்லிச் சொல்லி ஏச்சுப்போட்டேன். அன்னைக்கு மனசு கேக்கல. நானே ஆக்கி, நெய் ஊத்தி, ஒரு வாய் ஊட்டிப்போட்டேன். வாய மூடிக்கிட்டா. முழுங்கற மாதிரியே தெரியல. பயந்துபோய்த் தண்ணி எடுக்கப் போனேன். வந்து வாயத் தொறந்து விரல உட்டுப் பாத்தா ஒண்ணுமே இல்ல. சாயங்காலம் போய்ட்டா."

சுமதி வாயைப் பொத்திக்கொண்டது.

"மூச்சுக் குழாய்ல போய் நின்னுபோச்சோ என்னமோ. நாந்தான் கொன்னுபோட்டேனோ என்னமோ. அதத் தெரிஞ்சுக்கோணும். அதுக்குத்தான் அந்தப் படத்தப் பாக்கோணுங்கறேன். வேற எதுக்குமில்ல."

எனக்கு அந்த வீட்டை விட்டு ஓடிவிட வேண்டும் போல இருந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டேன். ஆனால் அந்த மனிதர் தரையில் உட்கார்ந்திருந்த விதம் என்னைப் போகவிடவில்லை. கேபிள்காரன் போய்விட்டால் பெட்டி எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும், பிறகு சாகிற வரைக்கும் அவருக்குத் தெரியவே தெரியாது.

"அந்தக் குழாய் வேண்டாமுங்க. நான் வெளிச் சுவர் வழியா இழுத்துக் குடுக்கறனுங்க" என்றேன்.

அறுந்த பழைய கேபிளை மட்டும் அப்படியே விட முடியாது என்று, கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு முழுவதும் உருவி எடுத்தேன். இப்போது அது எதிர்க்கவே இல்லை, சுலபமாக வந்தது. ஆனால் வந்த கோலம் இருக்கிறதே, மேலெல்லாம் திரிந்த பால் மாதிரி வெள்ளைக் கட்டி, அதில் ஒட்டிய கரப்பான் சிறகு, நூலாக நீளும் கோழை. நாற்றம் ஹால் முழுக்க நிறைந்தது. எனக்கு மூக்கே கிடையாது என்று சொன்ன செல்வராஜ் அண்ணன் அப்போது அங்கே இருந்திருக்க வேண்டும். சுவரில் தண்ணீர் கசிகிறதோ என்று ஜங்ஷன் பாக்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாய் எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. பழைய தூசு மட்டும்.

பரண் ஜன்னல் வழியாகக் கேபிளை வெளியே எடுத்து, சன்ஷேடுக்கு அடியில் கிளிப் அடித்து ஒட்டிக்கொண்டு வந்து, ஹால் ஜன்னலில் உள்ளே விட்டு ரவுட்டரில் சொருகினேன். முனையைக் கட்டரால்தான் உரித்தேன். பல் இருக்கிற பக்கமே கொண்டுபோகவில்லை. பச்சை எரிந்தது. கஞ்சி ஊற்றுகிற நேரம் வந்தது, பெரியவர் எழுந்தார், நின்றார், விளக்கு பச்சையாகவே இருந்தது.

படத்தைப் போட்டார்கள். நான் மரியாதைக்காகக் கதவோரமாகத் தள்ளி நின்றேன், ஆனாலும் தெரிந்தது. கட்டிலில் எலும்பும் தோலுமாக ஒரு அம்மா, மூக்கில் குழாய், கன்னத்தில் பிளாஸ்திரி. பெரியவர் தட்டோடு வருகிறார். ஆவி பறக்கிற சோற்றைப் பிசைந்து, ஊதி ஊதி ஆற வைத்து, ஒரு வாய் ஊட்டுகிறார். சின்ன வாய் ஒன்றும் இல்லை, நன்றாக ஒரு கைப்பிடி. அந்த அம்மா கண்ணை மூடிக்கொள்கிறார். பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பதறி வெளியே போகிறார்.

அவர் போன பிறகு அந்த அம்மா கண்ணைத் திறந்து கதவைப் பார்க்கிறார். பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாக, தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பி, முகத்தைத் தலைமாட்டில் திறந்து கிடக்கும் ஜங்ஷன் பாக்ஸோடு ஒட்ட வைக்கிறார். தாடை அசைகிறது. நாக்கால் எல்லாவற்றையும் உள்ளே தள்ளுகிறார். ஒரு பருக்கை கீழே விழவில்லை. உதட்டைத் தோளில் துடைத்துக்கொண்டு மறுபடி நேராகப் படுத்துக்கொள்கிறார். பெரியவர் தண்ணீரோடு ஓடி வரும்போது, சாப்பிட்டுவிட்டேன் பார் என்கிற மாதிரி வாயைத் திறந்து காட்டுகிறார்.

ஹாலில் பெரியவர் சிரித்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று.

"கள்ளி! என்னைய ஏமாத்திப்போட்டா பாத்தியா அம்மிணி. முழுங்க முடியல அவளுக்கு. நான் வருத்தப்படுவேன்னு தின்ன மாதிரி காட்டிருக்கறா."

"அப்பா, போதுமுங்கப்பா" என்று சுமதி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதது.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தம்பி, என்ர உசுரக் குடுத்துப்போட்டீங்க" என்றார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்த வாயை. ஒரு செத்துப்போகிற வாயிலிருந்து சுவருக்குள் போன சோறு, என் வாய்க்குள் வந்து விழுந்திருக்கிறது. சந்தோஷமான அந்த வீட்டில் நான் ஒருவன் மட்டும் எச்சிலை விழுங்காமல் வாயில் அடக்கிக்கொண்டு நின்றேன். தெருமுனை தாண்டியதும் வண்டியை நிறுத்திச் சாக்கடையில் துப்பினேன்.

வீட்டுக்குப் போனால் அன்றைக்கு, நம்ப மாட்டீர்கள், என் மனைவி அரிசிம்பருப்புதான் செய்திருந்தாள்.

"ஏனுங்க, தட்டப் பாத்து இப்படி மூஞ்சியச் சுளிக்கறீங்க? பல்லி கில்லி விழுந்துபோச்சா?" என்றாள்.

எனக்கு வேண்டாம் என்று படுத்துவிட்டேன். அன்று முதல் எங்கள் வீட்டில் அது சமைப்பதில்லை. காரணம் கேட்டுக் கேட்டு அவளும் விட்டுவிட்டாள்.

பெட்டி அடுத்த வாரமே நின்றுபோனதாகச் சுமதி போன் செய்து சொன்னது. அப்பா அதற்காகக் கவலைப்படவில்லை, இப்போது நன்றாகத் தூங்குகிறார், கஞ்சி நேரத்துக்கு எழுந்திருப்பதும் இல்லை என்றது. நல்லதுங்க என்றேன்.

நீங்கள் கேட்கலாம், அந்த அம்மா துப்பிய சோறுதானே, கேபிளில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், இதில் என்ன இருக்கிறது என்று. நானும் அப்படித்தான் எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் அந்த அம்மா போனது மார்கழியில், நான் கேபிளைக் கடித்தது சித்திரையில். அவ்வளவு நாள் சுவருக்குள் கிடந்த சோறு கல்லாகியிருக்கும், இல்லையென்றால் எறும்பு தின்றிருக்கும். என் நாக்கில் விழுந்தது அப்போது ஆக்கிய மாதிரி மெத்தென்று இருந்தது, நெய் மணந்தது, சூடாக இருந்தது. வாய் சுடாத சூடு. யாரோ ஊதிக் கொடுத்த சூடு.

இன்னொன்று. படத்தில் அந்த அம்மா உள்ளே தள்ளியது ஒரு வாய் நிறைய. நான் துப்பியது நாலைந்து பருக்கை. குழாயை டார்ச் அடித்துப் பார்த்தேன் என்று சொன்னேனே, உள்ளே ஒன்றும் இல்லை. உருவியெடுத்த கேபிளிலும் சோறு இல்லை. மீதி எங்கே போனது என்று யோசிக்கும்போதெல்லாம், கேபிளைக் கடித்ததற்கும் பேசினுக்கு ஓடியதற்கும் நடுவில் என் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது ஞாபகத்துக்கு வருகிறது.

ஆடி மாதம் 26, ஞாயிற்றுக்கிழமை. இன்றுதான் எழுதி முடித்தேன்.